விடு என்றான், விட்டான்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பார்த்த வேலையைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி கேட்டார்கள். போன வருடம் ஒரு கணக்காளரும் ஒரு பல் வைத்தியரும் எழுதியிருந்தார்கள். இந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை போலும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று சொன்னேன். "பரவாயில்லை, சின்னதா எழுதுங்கோ" என்றார்கள்.

லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுவதும் கோடு போடுவதும் என் வேலை. எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். முழங்கால் இனி ஏலாது என்று சொல்லும் வரை அங்கேயே இருந்தேன். புல் வளரும், வெட்டுவேன், திரும்ப வளரும். அதற்காக மலரில் இடம் எடுக்க வேண்டியதில்லை. நான் எழுத நினைப்பது அங்கே நான் பார்த்த இரண்டாவது வேலையைப் பற்றி. கல்லூரியின் அமெரிக்கன் புட்போல் அணியில் குவாட்டர்பேக்குக்கும் ரன்னிங்பேக்குகளுக்கும் புள்ளி போடும் வேலை அது. இதே வேலை பார்த்த இன்னொரு தமிழரை நான் இதுவரை சந்திக்கவில்லை. இப்போது அங்கே ரன்னிங்பேக்கை ஸ்டொப் வாட்ச் வைத்துத்தான் தெரிவு செய்கிறார்களாம். அதனால் பழைய முறையை யாராவது எழுதி வைப்பது நல்லது.

அந்த நாட்களில் இந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்து லண்டன் மாணவர்கள் பலரும் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் மோதினார்கள். எங்கள் கல்லூரியிலும் ஒரு அணி எழும்பியது. அதன் கோச் டோல்ட்டன் ஓர் அமெரிக்கர். அவர்களுடைய விமானப் படையில் இருந்து, இங்கே கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டவர். என் வயதுதான் இருக்கும். சத்தம் போட மாட்டார். மழையில் நனைந்தபடி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பதினொரு பேரை நடத்துவார்.

ஆட்டத்தை உயரத்திலிருந்து வீடியோ எடுக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மாணவர்களில் பாதிப் பேர் விளையாடினார்கள். மற்றப் பாதிக்கு மழையில் நிற்க விருப்பமில்லை. என்னிடம் கட்டடத்துக்குப் பெயின்ற் அடிக்கும் சாரம் இருந்தது. எனவே நான். சிவநாதன் என்ற என் பெயரின் பின்பாதியை மட்டும் எடுத்து என்னை "நேதன்" என்று கூப்பிட்டார். எனக்குத் திருத்தக் கூச்சமாக இருந்தது. பிறகு கல்லூரி முழுவதும் நேதன் ஆகிவிட்டேன்.

அவர் ஆடவைத்தது ஒப்ஷன் என்ற முறை. விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணியில் ஓரத்தில் நிற்கும் ஒருவனை எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே மறிக்காமல் விடுவார்கள். பந்தை முதலில் வாங்கும் குவாட்டர்பேக், நேரே அந்த ஓரத்து ஆளை நோக்கி ஓட வேண்டும். பக்கத்தில், கொஞ்சம் பின்னால், ஒரு ரன்னிங்பேக் கூடவே ஓடுவான். ஓரத்து ஆள் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், பந்தை ரன்னிங்பேக்கிடம் எறிய வேண்டும். அவன் ரன்னிங்பேக்கின் பக்கம் சாய்ந்தால், எறியாமல் தானே கொண்டு ஓட வேண்டும். கண் வெட்டுகிற நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். எறிந்த பந்து நிலத்தில் விழுந்தால், முதலில் அதன் மேல் விழுகிறவர்களுக்கு அது சொந்தம்.

ஓரத்து ஆளைப் பார்த்து முடிவெடுப்பதைக் கோச் "வாசிப்பது" என்று சொல்வார். இது எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. முதலாவது வருடம் எங்கள் குவாட்டர்பேக்கைப் பற்றி, "பாவம், அவனுக்கு வாசிக்கத் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. கல்லூரி வரை வந்தும் வாசிக்கத் தெரியாமல் இருக்கிறானே, நான் பரவாயில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் அவன் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றபோது, அவனைக் கூச்சப்படுத்தாமல், பக்கத்தில் நின்று உரக்க வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் எனக்கு ஒரு சொல் இடறியது. மிச்சத்தை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். சட்டம் படிக்கிற பொடியன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு, திங்கட்கிழமை மத்தியானம், கோச்சும் நானும் சாமான் அறையில் உட்கார்ந்து படம் பார்ப்போம். அவர் சூரியகாந்தி விதைகளை வாயில் போட்டுக் கோதைக் காகிதக் குவளைக்குள் துப்புவார். சத்தத்தை முற்றாகக் குறைத்துவிடுவார். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்களின் இரைச்சல்தான் அந்த நாடாக்களில் அதிகம் பதிந்திருக்கும். ஒவ்வொரு ஓட்டத்தையும் மூன்று முறை பார்ப்போம். முதல் முறை குவாட்டர்பேக்கின் கால்கள். இரண்டாம் முறை மறிக்காமல் விட்ட ஓரத்து ஆள். மூன்றாம் முறை ரன்னிங்பேக். பந்தைப் பார்க்க விடமாட்டார். என் கண் பந்துக்குப் போனால் எப்படியோ கண்டுபிடித்து, "இன்னொருக்கா" என்று பின்னால் ஓட்டுவார்.

புள்ளி இரண்டு வகைதான். சரியென்றால் சக அடையாளம், அதாவது கூட்டல் குறி; பிழையென்றால் சய அடையாளம், கழித்தல் குறி. எழுத்து வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்துக்கொண்டது. என்ன நடந்தது என்பதற்குப் புள்ளி இல்லை, என்ன செய்தான் என்பதற்குத்தான். எறியக்கூடாத நேரத்தில் எறிந்து, அதிர்ஷ்டத்தில் அணிக்கு ஆறு புள்ளி கிடைத்தாலும், எங்கள் கணக்கில் அவனுக்குச் சயம். இன்னொரு ரன்னிங்பேக் நடுவால் ஓடுவான், அவனிடம் பெரும்பாலும் பந்து இருக்காது. இருந்தாலும் இருப்பவன் போலவே முட்டிக்கொண்டு ஓட வேண்டும். பந்து இல்லாத அவனை இரண்டு பேர் சேர்ந்து விழுத்தினால் அவனுக்குச் சகம். ஓரத்தால் ஓடுகிறவன் குவாட்டர்பேக்குக்கு முன்னால் போய்விட்டால் சயம், அதிகம் பின்தங்கினாலும் சயம். கையை நீட்டினால் பந்து வந்து சேருகிற தூரத்தில் கூடவே ஓட வேண்டும். வேகம் இதற்குப் பிறகுதான்.

இரண்டு வருடத்தில் கோச் என்னைத் தனியாகப் புள்ளி போடச் சொல்லி, பிறகு தன் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில் படத்தைத் திரும்ப ஓட்டுவார். பெரும்பாலும் அவர்தான் சரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அணிக்கு இரண்டு தமிழ்ப் பொடியன்கள் வந்தார்கள். சுரேஷ் இங்கேயே, ஹரோவில் வளர்ந்தவன். தகப்பன் டொக்டர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவன். நல்ல உயரம், நல்ல குரல், ஓட்டமும் இருந்தது. கோச் அவனைக் குவாட்டர்பேக் ஆக்கினார். குகன் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவன். ஆங்கிலம் மட்டுமட்டு. சுரேஷோடு ஒட்டிக்கொண்டு அணிக்குள் வந்து, ஓரத்தால் ஓடும் ரன்னிங்பேக் ஆனான். சுரேஷ் என்னை "அங்கிள்" என்பான். குகன் "அண்ணை" என்பான். அப்படிப் பார்த்தால் குகன் சுரேஷுக்குச் சித்தப்பா முறை ஆக வேண்டும். சுரேஷ் அவனை மச்சான் என்று கூப்பிட்டான்.

அந்த வருடம் சுரேஷுக்கு விழுந்த புள்ளிகளைப் போல நாங்கள் ஒரு குவாட்டர்பேக்குக்கும் போட்டதில்லை. சகம், சகம், சகம். கோச் விதை துப்புவதைக்கூட மறந்துவிடுவார். "இவனுக்கு வாசிக்கத் தெரியும்" என்றார். இந்த முறை எனக்கு விளங்கியது.

கடைசிக்கு முந்திய ஆட்டத்தில்தான் பிழை வந்தது. புள்ளியில் நாங்கள் முன்னுக்கு நின்றோம். சுரேஷ் ஓரத்துக்கு ஓடினான். ஓரத்து ஆள் தெளிவாகக் குகனின் பக்கம் திரும்பினான். எறியவே கூடாத இடம். சுரேஷ் எறிந்தான். பந்து குகனின் தோளில் பட்டு விழுந்தது. குகன் அதன் மேல் விழாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுரேஷைப் பார்த்து நின்றான். எதிரணி ஆள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆட்டமும் அதோடு போய்விட்டது.

நான் சாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, புல் வெட்டும் மெஷின் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரும் பிடுங்குப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

"டேய், நான் விடு விடு எண்டெல்லே கத்தினனான்!"

"விடு எண்டாய், விட்டன். பிறகென்ன?"

"விடு எண்டா எறியாதை எண்டு! கையிலை வைச்சிரு எண்டு!"

"விடு எண்டா லெட் கோ மச்சான். நான் தம்பியின்ரை கையிலை ரிமோட்டைப் பறிச்சா அம்மா விடு எண்டுதான் கத்துவா. நான் விடுவன்."

"உனக்கு ஆர்ரா தமிழ் படிப்பிச்சது?"

"ஹரோவிலை, சனிக்கிழமை."

"அதுதானே பாத்தன்!"

என்னைக் கண்டதும் குகன் திரும்பினான். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. விடு எண்டா என்ன?"

யோசித்துப் பார்த்தேன். "இரண்டும்தான்" என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் மற்ற விஷயம் உறைத்தது. ஒப்ஷன் ஓட்டத்தில் வாய்க்கு வேலை இல்லை. குவாட்டர்பேக் தன் கண்ணால் பார்த்து, தானே முடிவெடுக்க வேண்டும்.

"நீ ஏன் கத்த வேணும்?" என்று குகனைக் கேட்டேன். அவன் சப்பாத்தைப் பார்த்தான்.

சுரேஷ்தான் சொன்னான். "அவன்தான் அங்கிள் பாத்துச் சொல்லுறவன். தா எண்டா எறிவன். சத்தம் இல்லாட்டி வைச்சிருப்பன். இண்டைக்குத் தா எண்டிட்டு, பிறகு விடு எண்டான்."

"ஓரத்திலை நிண்டவன் சடாரெண்டு என்ர பக்கம் திரும்பீட்டான் அண்ணை. அதுதான் மாத்தினனான்."

"உனக்குப் பாத்தா விளங்கிறேல்லையோ?" என்று சுரேஷைக் கேட்டேன்.

"எனக்கு எல்லாரும் என்னைக் கொல்ல வாற மாதிரித்தான் அங்கிள் தெரியும்."

குகனிடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "ஊரிலை கிளித்தட்டு விளையாடேக்கை கோட்டிலை நிண்டு மறிக்கிறவனைப் பாக்கிற மாதிரித்தான் அண்ணை. கை, முகம் எல்லாம் பொய் சொல்லும். இடுப்பைப் பாத்தாப் போதும்."

அதாவது, வருடம் முழுவதும் நாங்கள் சுரேஷுக்குப் போட்ட சகமெல்லாம் குகனுடைய கண்ணுக்குப் போட்டவை. படத்தில் சத்தமில்லை. சாரத்தில் எனக்கு விமானச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நான் சாரத்தின் ஒரு இரும்புக் குழாயை எடுத்தேன். சுரேஷ் அதன் மறுமுனையைப் பிடித்தான்.

"அங்கிள், கோச்சிட்டைச் சொல்லப் போறியளோ?"

"தெரியேல்லை."

"அடுத்த ஆட்டத்துக்கு அப்பா வாறார் அங்கிள். முதல் தரம். உந்த விளையாட்டை வேலையில்லாதவங்கட கூத்து எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர். நான்தான் பந்தை முதல் வாங்கிறவன், டீமே என்ர கையிலை எண்டு சொல்லித்தான் வரப் பண்ணினனான்."

குகன் குறுக்கிட்டான். "விடுங்கோ அண்ணை. அவன்ர அப்பா வந்திட்டுப் போகட்டும்."

இந்த முறை அந்தச் சொல்லில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை படம் பார்த்தோம். அந்த ஓட்டத்தைக் கோச் மூன்று முறைக்கு மேல் ஓட்டினார். சுரேஷுக்கு ஒரு சயம். "நல்ல வாசிப்பாளனுக்கும் ஒரு கெட்ட நாள் வரும்" என்றார். பிறகு குகன் கையை விரித்துக்கொண்டு நின்ற இடத்தில் படத்தை நிறுத்தினார். பந்து நிலத்தில் என்றால் நீயும் நிலத்தில் என்பது அவர் எல்லோருக்கும் வைத்திருந்த ஒரே சட்டம். கடைசி ஆட்டத்தில் குகன் வெளியே இருக்கட்டும், வேறு ஒருவனைப் போடுவோம் என்றார்.

வெளியே இருக்க வைத்தால் குகனுக்கு வேறு ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் அவன் போகிற ஒரே இடம் எங்கள் மைதானம். சுரேஷின் நிலைமை இன்னும் மோசம். கண் இல்லாமல் ஓரத்து ஆளை நோக்கி ஓடுவான். அவர்கள் அவனைக் கசக்கிப் போடுவார்கள், அதைத் தகப்பன் பார்ப்பார். சொல்லாமல் விட்டால் இப்படி. சொன்னால், நம்பிச் சொன்ன இரண்டு பொடியன்களை வெள்ளைக்காரரிடம் போட்டுக்கொடுத்தவன் ஆவேன். ஹரோவிலிருந்து ஹவுன்ஸ்லோ வரை கதை போக ஒரு கல்யாண வீடு போதும்.

ஆனால் புள்ளி போடுவது என் வேலை. பிழையான ஆளுக்குப் போட்டிருந்தோம்.

நான் அந்த அறையில் கேட்காமல் வாய் திறந்ததே இல்லை. என் ஆங்கிலத்தில் அது இரண்டு சிறிய வாக்கியம்தான். "சுரேஷ் வாசிக்கவில்லை. குகன் வாசிக்கிறான்."

கோச் விதையைத் துப்பினார். "எந்த ஆட்டத்தில்?"

"எல்லாத்திலும்."

எந்த மொழியில் என்று கேட்டார். தமிழ் என்றேன். எத்தனை சொல் என்றார். இரண்டு என்றேன், அதில் ஒன்று பிழைத்துவிட்டது என்றும் சொன்னேன். எப்படிப் பிழைத்தது என்று விளக்கச் சொன்னார். விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சொல்லுக்கு எதிரெதிராக இரண்டு கருத்து இருந்தால் அதை ஆட்டத்தில் பாவிக்கக் கூடாது என்றார். அது நியாயம்தான். பிறகு பழைய நாடாக்களை அலுமாரியிலிருந்து எடுத்தார். அன்று பின்னேரம் முழுவதும் குகனின் வாயைப் பார்த்தோம். பல்லைக் காக்கும் ரப்பரை அவன் ஒவ்வொரு ஓட்டத்திலும் நாக்கால் தள்ளி வெளியே விட்டிருந்தான். நாங்கள் அவனுடைய கால்களை மட்டும் பார்த்திருந்தோம்.

புதன்கிழமைப் பயிற்சியில் கோச் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. தானே போய் ஓரத்து ஆளாக நின்றார். குகனைப் பல் ரப்பரைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். சுரேஷ் பந்தோடு வந்தான். கோச் குகனின் பக்கம் திரும்பினார். சுரேஷ் எறிந்தான். இன்னொருக்கா. கோச் சுரேஷை நோக்கி வந்தார். சுரேஷ் எறியவில்லை. இன்னொருக்கா. இன்னொருக்கா. அணி முழுவதும் நின்று பார்த்தது. பிறகு கோச் பந்தைக் குகனிடம் கொடுத்து, சுரேஷைப் பக்கத்தில் ஓட விட்டார். தோளை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாய்ந்து பார்த்தார். குகன் ஒருமுறைகூட ஏமாறவில்லை. சுரேஷ் பந்தை வாங்கிய வேகத்தில் கோச்சின் தொப்பி பறந்தது.

"குகன் வாசிக்கட்டும். சுரேஷ் ஓடட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கூடி நிற்கும்போது கட்டளை சொல்லுகிறதும் சுரேஷ்தான்" என்றார் கோச். குகனின் ஆங்கிலத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. ரன்னிங்பேக் கட்டளை சொல்லி, குவாட்டர்பேக் பேசாமல் இருந்த அணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்று சுரேஷ் கொட்டகைக்கு வந்தான். எனக்கு ஏச வந்திருக்கிறான் என்று நினைத்து, மெஷினின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், பயம் இல்லாமல் ஓடினது இண்டைக்குத்தான்" என்றான். பிறகு, "ஆனா அப்பாவுக்கு நான் சொல்லுவன். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றான். சரி என்றேன்.

அவன் சொல்லவில்லை. கடைசி ஆட்டத்தன்று டொக்டர் நீளக் கோட்டும் மினுங்குகிற சப்பாத்துமாக வந்து, சேற்றைப் பார்த்தார். பிறகு சாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, மேலை வரலாமோ?"

வரலாம் என்றேன். ஏறி வந்து, பலகையில் என் பக்கத்தில் நின்றார். "இதிலை எங்கட சுரேஷ் ஆர்? எல்லாரும் தலையிலை சட்டியெல்லே கவிட்டிருக்கினம்."

நான் வாய் திறப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. என் கண் கமராவில் இருக்க வேண்டும். குகன் பந்தை வாங்கி, ஓரத்து ஆளை ஏமாற்றி, தானே கொண்டு ஓடினான்.

"அந்தா, முதல் வாங்கினவர்! சுரேஷ்!" டொக்டர் கை தட்டினார். "தம்பி, பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்" என்றேன். அது பொய் இல்லை.

இப்படியே ஆட்டம் முழுவதும் போனது. குகன் சரியாக வைத்திருந்தால் கை தட்டினார். சரியாக எறிந்தாலும் தட்டினார். குகனை மூன்று பேர் சேர்ந்து விழுத்தியபோது சாரத்தின் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எழும்படா, எழும்படா" என்று மெல்லச் சொன்னார். அவன் எழும்பினான். சொல்ல மாட்டேன் என்று நான் சுரேஷுக்குச் சொல்லியிருந்தேன். அது இல்லாவிட்டாலும், ஒரு டொக்டரை இடைமறித்துத் திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

கடைசி ஓட்டத்தில் ஓரத்து ஆள் குகன் மேல் பாய்ந்தான். குகன் விழுந்துகொண்டே பந்தை எறிந்தான். சுரேஷ் கையை நீட்டினான், பந்து கைக்குள் இருந்தது, பிறகு அவனை ஒருவராலும் தொட முடியவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றான்.

"அந்தப் பொடியனும் கெட்டிக்காரன்தான்" என்றார் டொக்டர். "வெண்டிட்டமோ?"

"இல்லை டொக்டர். தோத்திட்டம். முதலே கனக்கப் பின்னுக்கு நிண்டனாங்கள்."

கோட்டுக்கு அப்பால் நின்றவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். டொக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"அது சுரேஷெல்லோ?"

"ஓம் டொக்டர்."

"அப்ப முதல் வாங்கினவர்?"

"அது குகன். அவனுக்குக் கண் நல்லம். சுரேஷுக்குக் கால் நல்லம். இந்தக் கிழமைதான் மாத்தினது." என் வாழ்க்கையில் ஒரு டொக்டருக்கு நான் சொன்ன ஆக நீளமான பேச்சு அதுதான்.

ஒரு விமானம் போய் முடியும்வரை இருவரும் நின்றோம்.

"குகன் ஆரின்ரை பிள்ளை?"

"தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலை. தனிய வந்தவன்."

"அப்ப இண்டைக்கு அவனைப் பாக்க ஒருதரும் வரேல்லையோ?"

"இல்லை டொக்டர்."

"அப்ப சரி" என்றார். "தட்டினது வீணாப் போகேல்லை."

பிறகு கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏணியில் பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தச் சப்பாத்தோடு சேற்றுக்குள் நடந்து இரண்டு பேரையும் நோக்கிப் போனார்.